ஓடக் கூடாத கடிகாரம்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ரீத்தாவின் வாட்ச் கடை இருந்தது. கடை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். உள்ளே ஒருத்தி உட்காரலாம், வெளியே ஒருவர் நிற்கலாம், அவ்வளவே. நிற்கிறவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காகவே ரீத்தா வெளியே ஸ்டூல் எதுவும் போடவில்லை.

பேட்டரி மாற்ற வருகிறவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். சோறு போடுகிறவர்கள் அவர்கள்தான் என்பது தெரியும். அதற்காக மதிக்க வேண்டுமா என்ன? கல்யாணத்துக்கு வாங்கிய தங்க முலாம் வாட்சை நீட்டி, "இது எவ்ளோ போகும்?" என்று கேட்கிறவனைக் கண்டால் "போகாது, இங்கயே நிக்கும்" என்பாள். இவர்களையெல்லாம்விட அவளுக்கு எரிச்சலூட்டியவர்கள், சாவி கொடுக்கும் வாட்ச் இப்போதெல்லாம் வருவதில்லையே என்று கண் கலங்குகிறவர்கள். கலங்கிவிட்டுக் கையிலிருக்கும் வாட்சில் மணி பார்த்துக்கொண்டு போவார்கள். அதில் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்.

அவளுடைய இகழ்ச்சியில் பெரும்பங்கு தம்பி அமலுக்கு உரியது. சென்னையில் ஒரே சர்வீஸ் சென்டரில் இரண்டு பேரும் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள். ஊர் திரும்பியதும் ஒன்றாகத்தான் கடை போட்டார்கள். ஒருநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வாட்சைப் பிரித்து, அதன் பாகங்களை மூன்று ஓடாத வாட்ச்களுக்குப் போட்டு, மூன்றையும் அவன் விற்றான். "ஒண்ணு போயி மூணு வந்திச்சே, லாபம் தானக்கா?" என்றான். "ஓடற வாட்ச ஒடைக்கிறவன் ரிப்பேர்காரன் இல்ல, கசாப்புக்காரன்" என்று சொல்லி, அவனுடைய இடுக்கியையும் ஸ்க்ரூ டிரைவர்களையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தெருவில் வைத்தாள். அவன் உளுந்தூர்பேட்டைக்குப் போய் 'அமல் வாட்ச் கிளினிக்' என்று போர்டு மாட்டிக்கொண்டான். இப்போது யூடியூபில் வேறு வருகிறான்.

காசிநாதன் அவள் கடைக்கு முதல்முறை வந்தது ஒரு திங்கட்கிழமை. வடக்கனந்தலில் குடியிருப்பவர், மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், பிறவியிலேயே கண் தெரியாதவர். வெள்ளைக் கோலை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் கண்ணாடி ஒரு சின்னக் கதவு மாதிரித் திறந்தது. உள்ளே எண்களுக்குப் பதில் புள்ளிகள் புடைத்திருந்தன. முட்கள் தடவினால் வளையாத அளவுக்குத் தடிமனாக இருந்தன.

"பஸ்ல எறங்கும்போது எவனோ கைய புடிச்சி எறக்கி விட்டான். நான் கேக்கவே இல்ல. அவன் இழுத்த இழுப்புல வாட்ச் அவுந்து கீழ வுழுந்துட்சி" என்றார். "உதவி பண்றவன் ஒருத்தன் போதும், ஊரே கெட்டுப்பூடும்."

ரீத்தாவுக்கு அவரை அந்த நொடியே பிடித்துப்போனது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. லென்ஸைக் கண்ணில் செருகி, பின்மூடியைத் திறந்தாள். மூடிப்போன அரசாங்க வாட்ச் கம்பெனியின் மிஷின். உள்ளே முன்னும் பின்னும் ஆடவேண்டிய பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். சக்கரத்தின் நடுவிலிருக்கும் அச்சின் நுனி ஒடிந்திருந்தது. தலைமுடியைவிட மெல்லிய நுனி அது. அதன் மேல்தான் மொத்த வாட்சும் நிற்கிறது.

"அச்சு ஒடஞ்சிருக்கு சார். கெடச்சா மாத்தலாம். கம்பெனியே இல்ல. கெடைக்கறது கஷ்டம்."

"பேசற வாட்ச் வாங்கிக்கச் சொல்லப் போறியா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"எல்லாரும் சொல்றானுங்க. பட்டன அமுக்குனா ஒரு பொம்பள கத்தும். பாடம் நடத்தும்போது, சாவு வூட்டுல, ஹெட்மாஸ்டர் பேசும்போது... மணி எவ்ளோன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். நான் மணி தெரிஞ்சிக்கினு கீறேன்னு ஊருக்குத் தெரிய வேணாம்."

தகர டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடிப் பார்த்தாள். அந்த மிஷினுக்கான சக்கரங்கள் இருந்தன, ஸ்பிரிங் இருந்தது, சாவித் தண்டுகள் ஒரு டஜனுக்கு மேலே கிடந்தன. உடையாத பாகமெல்லாம் எல்லா டப்பாவிலும் இருக்கும். உடைகிற பாகம் எதிலும் இருக்காது. வடக்கே இருக்கும் ஒரு ஆன்லைன் வியாபாரிக்கு மிஷின் நம்பரைப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் நூறு சதவீதம் அதே அச்சு என்று சத்தியம் செய்து அனுப்பி வைத்தான். வந்தது பெண்கள் வாட்சின் அச்சு. கேட்டதற்கு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்று பதில் வந்தது. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள அது என்ன, பஸ் சீட்டா? இன்னொருவன் பழைய மிஷின் தருகிறேன் என்றான், வந்ததைத் திறந்தால் பேலன்ஸ் மட்டும் இல்லை. மூன்றாமவன் போனையே எடுக்கவில்லை. அவன்தான் யோக்கியன் என்று ரீத்தா நினைத்துக்கொண்டாள்.

காசிநாதனுக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவது முறை வந்தபோது கையை நீட்டினார்.

"குடு இப்படி. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும். தேடறேன், தேடறேன்னு ஒரு மாசம் ஓட்டிட்ட. உளுந்தூர்பேட்டையில ஒரு புள்ள கீறானாம். வீடியோல்லாம் போடறானாம்."

அது யாரென்று ரீத்தாவுக்குத் தெரியாமலில்லை. சொல்லியிருக்கலாம். வீடியோ பார்த்து வாட்ச் கொடுக்கிறவனுக்கு எதற்குச் சொல்லவேண்டும் என்று வாட்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கண் தெரியாதவர் வீடியோவை எப்படிப் பார்த்தார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதையும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர் திரும்ப வந்தார். இந்த முறை வாட்சை மேசையில் வைக்கவில்லை, போட்டார்.

"தொறந்து பாரு."

"இன்னா சார், ஓடுதே?"

"ஓடுது. உங்க தம்பி இன்னா சொன்னான் தெரியுமா? இனிமே சாவியே குடுக்க வேணாம் சார், ஆட்டோமேட்டிக்கா மாத்திட்டேன், கையில கட்டனா கை ஆடற ஆட்டத்துலயே ஓடும்னான். கையில கட்டாம மேசை மேல ரெண்டு நாளு வச்சேன். அது பாட்டுக்கு ஓடிக்கினே கீது. யாரு கை அது? பேய் கையா?"

அவள் பின்மூடியைத் திறந்தாள். பேட்டரி மிஷின். சீனாவிலிருந்து மூட்டையில் வருவது. தடித்த முட்கள் அதன் தண்டில் சரியாக உட்காராமல், பசை போட்டு ஒட்டியிருந்தான். விரலால் தொடும்போதெல்லாம் முள் சரிந்துகொண்டே போயிருக்கும்.

"உங்க தம்பின்னு அவனே சொன்னான்" என்றார் காசிநாதன். "கள்ளக்குறிச்சியிலயும் எங்க கடை தான் சார், எங்க அக்கா கீதுன்னான். குடும்பமே இதே தொழிலா?"

ரீத்தா வாழ்க்கையில் நிறையப் பேரை அலட்சியமாகப் பார்த்திருக்கிறாள். ஒருவர் அவளை அப்படிப் பார்த்தது, அதுவும் பார்க்க முடியாத ஒருவர் பார்த்தது, அன்றுதான். "அவன் எடுத்து வச்சிக்கின உங்க மிஷின நான் வாங்கியாந்து தரேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கடையைத் திறக்காமல் உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அமலின் கடை, நெடுஞ்சாலை பஸ்கள் நின்று ஆளை இறக்கிவிடும் ஓட்டல்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி ஷோகேஸ், மேலே வட்ட விளக்கு, மேசையில் செல்போன் ஸ்டாண்டு. ஒரு பழைய வாட்சின் வெளுத்த முகத்துக்கு நீலப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்தான். அதன்மேல் ஒட்ட வேண்டிய கம்பெனிப் பெயர் ஸ்டிக்கர் பக்கத்திலேயே இருந்தது. சென்னையில் எவனோ ஒரு மென்பொருள் பையன் இதை 'அபூர்வம்' என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வான். வாங்குகிறவனுக்கும் வேண்டும்தான் என்று ரீத்தாவுக்குத் தோன்றியது.

"வாக்கா! இன்னா திடீர்னு? டீ சொல்லவா?"

"காசிநாதன் சார் மிஷின் எங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. "யாரு, அந்த கண்ணு தெரியாத வாத்தியாரா? நல்லாத்தான ஓடுது. டைம் சரியா காட்டுதா இல்லியா?"

"முள்ள தொட்டா சரியுது."

"அவரு ஏன் தொடறாரு?" என்று கேட்டவன், கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று உணர்ந்து தலையைச் சொறிந்தான்.

திட்டுவதற்குக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. மேசைக்குப் பின்னால் போய் இழுப்பறைகளை அவளே திறந்தாள். மூன்றாவது இழுப்பறையில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் அந்த மிஷின் கிடந்தது. விற்பதற்கு வைத்திருந்தான். பேலன்ஸ் சக்கரம் இல்லை.

"அது எங்க?"

"ஒடஞ்சது தானக்கா. குப்பையில போட்டுட்டேன்."

ஒடிந்தது அச்சு மட்டும்தான். சக்கரமும் அதை ஆட்டும் மயிரிழைச் சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தன. இனி அச்சு கிடைத்தாலும் பொருத்த இடமில்லை. முழு பேலன்ஸும் வேண்டும். அதை யாரும் தனியாக விற்பதில்லை. இன்னொரு வாட்சிலிருந்துதான் வரவேண்டும்.

அவள் முகத்தைப் பார்த்து அமலே பேசினான். "வெள்ளிமலையில ஒண்ணு கீதுக்கா. இதே மிஷினு. ராணியம்மான்னு ஒரு பொம்பள, பஸ்ஸு நிக்கற எடத்துல மெஸ் வச்சிக்கினு கீது. வூட்டுக்காரரு வாட்சாம், அவரு செத்துட்டாரு. மூணு வாட்டி போய்ட்டேன். புதுசு வாங்கித் தரேன்னேன், சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கலாம், ஜம்முனு ஓட வச்சித் தரேன்னேன். ஒண்ணும் நடக்கல. கடைசில சாம்பார் கரண்டிய தூக்கிட்டுது."

"கரண்டி சூடா இருந்திச்சா?"

"ஏன்க்கா?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காசிநாதனிடம் போனில் சொன்னபோது, தானும் வருவதாகச் சொன்னார். "உங்க குடும்பத்து ஆளுங்கள நம்பி இனி ஒரு ஸ்க்ரூவ கூட அனுப்ப மாட்டேன்."

சனிக்கிழமை அவள் கள்ளக்குறிச்சியில் ஏறிய பஸ்ஸில் அவர் வடக்கனந்தலில் ஏறினார். ஒரு கல்லூரி மாணவன் துள்ளி எழுந்து, "ஐயா, ஒக்காருங்க" என்று தோளைத் தொட்டான். "கண்ணு தான் தம்பி இல்ல. காலு ரெண்டும் கீது" என்று கம்பியைப் பிடித்தபடியே நின்றார் காசிநாதன். பையன் திரும்ப உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான். ரீத்தா அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பஸ் மலையேற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். காலியான பக்கத்துச் சீட்டில் காசிநாதன் தானாக வந்து உட்கார்ந்தார்.

"அப்ப, அந்தம்மா வாட்ச சாவடிச்சி என் வாட்ச பொழைக்க வைக்கற, அதானே?"

"அது ஓடாத வாட்சா இருக்கும் சார். துரு புடிச்சி, முகமெல்லாம் போயிருக்கும். பேலன்ஸ் மட்டும் நல்லா இருந்தா எடுத்துக்கலாம்."

"ஓடறதா இருந்தா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஓடுகிற வாட்சை உடைக்கிறவனுக்கு அவள் என்ன பெயர் வைத்திருந்தாள் என்று இவருக்குத் தெரியாது. தெரியாதவரையில் நல்லது.

ராணியம்மாளின் மெஸ்ஸில் நான்கு மேசைகள் இருந்தன. காலை வியாபாரம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னான ஓய்வில், அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபதை ஒட்டிய வயது, கனத்த தோள்கள். ரீத்தா வாட்ச் என்று வாயைத் திறந்ததுமே அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னொருத்தியா? அந்த சிரிக்கிறவன் அனுப்புனானா?"

"அவன் என் தம்பி. அவன் அனுப்பல. நான் அவன்கிட்ட பேசறதே இல்ல."

"எதுக்கு?"

"திருடன்."

ராணியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூட நின்ற காசிநாதனையும் பார்த்தாள். "ஒக்காரு" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீ இன்னா பண்ணப் போற அத? பாலிஷ் போட்டு வூட்டுக்காரர் நெனப்பா மாட்டித் தரேன்னு சொல்லப் போறியா?"

ரீத்தாவுக்கு இனிக்கப் பேச வராது. அந்தப் பக்கம் பெரிதாக முயற்சி செய்ததும் இல்லை. "இல்லக்கா. ஒடைக்கப் போறேன். உள்ளருந்து ஒரு பாகம் வேணும், இந்த சார் வாட்ச்சுக்கு. எடுத்துட்டா உங்க வாட்ச் திரும்ப ஓடாது. எப்பவுமே ஓடாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

ராணியம்மாள் எழுந்து உள்ளே போனாள். ஒரு பவுடர் டப்பாவோடு திரும்பி வந்து, அதைத் தட்டி வாட்சை மேசையில் கவிழ்த்தாள். ஆண்கள் வாட்ச். துருவும் இல்லை, கீறலும் இல்லை. ரீத்தா பழக்கதோஷத்தில் அதை எடுத்துச் சாவியை நாலு சுற்றுச் சுற்றினாள். பல வருஷம் தூங்கிய மிஷின் உடனே எழுந்து ஓட ஆரம்பித்தது. சுத்தமான, சரளமான ஓட்டம். காசிநாதன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

ராணியம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "நிறுத்து அத" என்றாள். குரல் மாறியிருந்தது. "நிறுத்துன்றேன் இல்ல?"

ரீத்தா அவசரமாகப் பின்மூடியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு ராணியம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மேசையின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"மாமனார் வூட்டுல இருந்தப்ப தண்ணிக்கு ஊத்துக்குப் போவணும். எம் புருசன் வாசல்ல நின்னுக்கினு இத பாப்பான். இந்த முள்ளு இங்க வர்றதுக்குள்ள நீ வந்து நிக்கணும்பான். வெறகுக்குப் போனாலும் அப்படித்தான், வெளிக்குப் போனாலும் அப்படித்தான். வரலன்னா இன்னா நடக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"வேணாம்" என்றாள் ரீத்தா.

"செத்தப்ப தூக்கிப் போட்டுருக்கலாம். போட்டா எவனாவது எடுப்பான். வித்தாலும் எவனாவது கட்டுவான். கட்டிக்கினு எவளையாவது நிக்க வப்பான். அதான் டப்பாவுல போட்டு மூடி வச்சேன். இது ஓடக் கூடாது. அவ்ளோதான் எனக்கு."

ரீத்தாவுக்குப் புரிந்தது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அந்தச் சமயம் பார்த்துக் காசிநாதன் வாயைத் திறந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். இதுலேர்ந்து எடுக்கறது சாதாரண பாகம் இல்ல. நீங்க இப்ப கேட்டீங்களே, டிக் டிக்குனு, அந்தச் சத்தம் போடறதே அது தான். அது என் வாட்ச்ல ஓடும்."

இந்த ஆளுக்கு இப்போது ஏன் யோக்கியம் பொங்குகிறது என்று ரீத்தா பல்லைக் கடித்தாள். ஒன்றரை மாத அலைச்சல், ஒரு வாக்கியத்தில் போகப்போகிறது.

ராணியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "சார் இன்னா வேலை பாக்கறீங்க?"

"வாத்தியார்."

"வூட்டுல சோறு ஆக்கறது யாரு?"

"நான் தான். தனியாத்தான் கீறேன்."

"நீங்க யாரையாவது நிக்க வச்சி இத பாப்பீங்களா?"

காசிநாதன் உடனே இல்லையென்று சொல்வார் என்று ரீத்தா எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. கைகள் மடங்கிய கோலைத் தடவிக்கொண்டிருந்தன. "லேட்டா வர்ற பசங்கள வெளிய நிக்க வப்பேன்" என்றார் கடைசியில். "பீரியட் முடியற வரைக்கும். மலையிலேர்ந்து பஸ்ஸுல வர்ற பசங்க தான் நெறைய."

"பஸ்ஸு லேட்டா வந்தா அதுங்க இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

"இனிமே நிக்க வைக்காதீங்க."

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் சொன்னாலும் கேட்காத மனிதர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி" என்றார். அதை அவர் காப்பாற்றுவார் என்று ரீத்தா நம்பவில்லை. ராணியம்மாளும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

"எடுத்துக்கம்மா. ஆனா மீதிய எங்கிட்ட குடுத்துட்டுப் போவணும். உங்கூட எடுத்துக்கினு போவக் கூடாது. என் கண்ணு முன்னால ஒண்ணும் மிச்சம் இல்லாம போவணும்."

அதுதான் ரீத்தாவுக்கு வலித்தது. அந்த மிஷினில் நல்ல ஸ்பிரிங் இருந்தது, தேயாத சக்கரங்கள், அச்சுகள் சுழலும் கீறலே விழாத சின்னக் கற்கள். இன்னும் பத்து வாட்ச்களை வாழவைக்கும். அமலாக இருந்தால் தலையாட்டிவிட்டு ஏதாவது ஒன்றை விரலிடுக்கில் ஒளித்திருப்பான். அவளுக்கும் ஒரு நொடி கை அரித்தது என்பது உண்மை. பிறகு, மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, பேலன்ஸையும் அதைத் தாங்கும் பாலத்தையும் ஒன்றாகத் தூக்கினாள். ஹேர் ஸ்பிரிங் சுருளாகத் தொங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் சின்ன டப்பாவுக்குள் இறக்கி மூடினாள். இருபது வருஷத் தொழிலில், ஓடுகிற வாட்சைக் கொன்றது இதுவே முதல்முறை. எதிரில் இருந்தவளோ திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதியை ராணியம்மாள் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அம்மிக்கல்லில் வைத்தாள். குழவியைத் தூக்கி இறக்கினாள். கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது அடியில் பெரிய ஸ்பிரிங் விடுபட்டுத் துள்ளி அவள் கையில் பட்டது. "இன்னும் கடிக்கிறியாடா நீ?" என்று அதைப் பிடித்துத் திரும்ப வைத்து அடித்தாள். சக்கரங்கள் தெறித்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி அடித்தாள். மூச்சு வாங்கியது. பிறகு எல்லாவற்றையும் வழித்து எடுத்துப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அம்மியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

"சாப்ட்டுட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "சாமைச் சோறும் கீரையும். இன்னும் ஆவல. ஆகும்போது ஆகட்டும்."

சோறு வர வெகுநேரம் ஆனது. கடைசிப் பஸ்ஸுக்கு முந்திய பஸ் போய்விட்டது. இருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை, மணி எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ரீத்தா அந்தப் பேலன்ஸைக் காசிநாதனின் மிஷினில் இறக்கினாள். முதல் தடவை உட்காரவில்லை. எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மறுபடி இறக்கினாள். சக்கரம் ஒரு முறை தயங்கி, பிறகு ஆடத் தொடங்கியது. தளர்ந்துபோன முட்களின் துளைகளைச் சரிசெய்து, பழைய இடத்தில் பொருத்தினாள். அமல் போட்டிருந்த பசையைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

மத்தியானம் அவனே போன் செய்தான்.

"கெடச்சிதாக்கா?"

"கெடச்சிது."

"எப்படிக்கா குடுத்திச்சி? ஓடுதா அது? முழுசா குடுத்திச்சா?"

"இல்ல. ஓடிக்கினு இருந்தத ஒடச்சி ஒரு பாகம் எடுத்தேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "ஒடச்சியா? நீயா? என் டூல்ஸ தெருவுல வச்சியே, ஞாபகம் கீதா? அப்ப எனக்கு ஒரு பேரு வச்சியே இன்னா அது?"

அவளிடம் பதில் இருந்தது. உடைக்கப் போகிறேன் என்று உடையவளிடம் சொல்லிவிட்டு உடைத்தேன், நீ சொன்னாயா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவனுக்கு அது புரியாது, புரிந்தாலும் அதை வைத்து ஒரு வீடியோ போடுவான். அதோடு, அம்மியில் நொறுங்கிய சக்கரங்கள் இன்னும் அவள் கண்ணுக்குள் கிடந்தன. "வேலை கீது" என்று போனை வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவனை இகழ்வது எப்போதும் எவ்வளவு சுலபமாக வரும்!

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் காசிநாதன் வந்தார். சாவியைச் சுற்றினார், அது விரலுக்கு எதிர்த்து நின்றதில் தலையசைத்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து முட்களைத் தடவினார். காதில் வைத்துக் கேட்டார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"உன் கடியாரத்துல மணி எவ்ளோ?"

சொன்னாள்.

"நீ நேரம் வச்சதுலேர்ந்து இதுக்குள்ள கொஞ்சம் முந்திக்கினு கீது."

"புது எடம் இல்ல? ரெண்டு நாளு ஓடட்டும். கொண்டாங்க, திருத்தித் தரேன்."

வாட்சைக் கையில் கட்டிக்கொண்டார். கோலை விரித்தவர் போகாமல் நின்றார்.

"இன்னிக்கி காலையில ஆறு பேரு லேட்டு" என்றார். "ஏழாவதா ஒருத்தன் பாதி பீரியடுக்கு மேல வந்தான்."

"இன்னா பண்ணீங்க?"

"உள்ள வுட்டேன். ஆறு பேரும் பாடத்த கவனிச்சானுங்க. ஏழாவது வந்தவன் தூங்கிட்டான்." குரலில் அத்தனை வெறுப்பு இருந்தது. "குறட்டை வேற."

சொல்லிவிட்டுக் கோலைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். செருப்புக் கடைக்காரர் ஓடிவந்து, ரோட்டைக் கடந்து விடுவதற்காக அவர் கையைப் பிடிக்கப் போனார். "ஏய், வுடுய்யா அவர!" என்று ரீத்தா கடைக்குள்ளிருந்தே கத்தினாள்.